ஒத்தையா? ரெட்டையா?

மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை



தலைப்பைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். "என்னப்பா இது, டிப்ளமோ படிக்கிற இடத்துல ஒண்ணாங் கிளாஸ் கணக்கை எழுதி வெச்சிருக்கு?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கேளுங்கள். அதற்கு முன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்: "பூஜ்ஜியம் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?"

ஒருவர் "ரெண்டும் இல்லை" என்பார். இன்னொருவர் "அது நம்பரே இல்லையே" என்பார். மூன்றாமவர் "ஏன், பரீட்சைக்கு வருமா?" என்பார். நான்காமவர் "இரட்டைப்படை" என்று சரியாகச் சொல்வார். "ஏன்?" என்று கேட்டால், "அப்படித்தான்!" என்பார்.

இந்த நான்கு பேரில் எனக்கு அதிகக் கவலை தருபவர் நான்காமவர்தான். முதல் மூவருக்கும் தெரியாது என்பது வெளியே தெரிகிறது. நான்காமவருக்குத் தெரியாது என்பது அவருக்கே தெரியவில்லை. விடை சரி, மார்க் உண்டு, ஆனால் காரணம் கையில் இல்லை. நம்மில் பெரும்பாலோர் இந்த நான்காவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்தச் சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

அடையாளம் வேறு, அர்த்தம் வேறு

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது என்ன? "2, 4, 6, 8 இரட்டைப்படை. 1, 3, 5, 7, 9 ஒற்றைப்படை." கோரஸாகச் சொன்னோம், மனப்பாடம் ஆயிற்று. கடைசி இலக்கத்தைப் பார், சொல்லிவிடு. அவ்வளவுதான் பாடம்.

அது அடையாளம். ஆளைச் சட்டையை வைத்துக் கண்டுபிடிப்பது மாதிரி. சட்டையை மாற்றிவிட்டால் ஆள் தெரியாமல் போய்விடும்.

அர்த்தம் என்பது இதுதான்: இரண்டால் மீதியில்லாமல் வகுபடும் முழு எண் இரட்டைப்படை. வகுத்தால் ஒன்று மீதி நிற்கும் முழு எண் ஒற்றைப்படை. "முழு எண்" என்ற சொல்லையும் "மீதி" என்ற சொல்லையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், பாதிக் குழப்பம் வாசலிலேயே நின்றுவிடும்.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. எங்கள் அப்பா தேங்காய் மண்டியில் வேலை செய்கிறார். பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. லாரியிலிருந்து காய் இறங்கும்போது கைக்கு ஒன்றாக இரண்டு இரண்டு காயாக எடுத்துப் போட்டு எண்ணுவார். அவர் "அம்பது" என்றால் நூறு காய் என்று அர்த்தம். கடைசியில் ஜோடி சேராமல் ஒரு காய் நின்றால், "ஒத்தைக்காய் நிக்குதுப்பா" என்பார். நிற்காவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். "ஈவன்", "ஆட்" என்ற சொற்கள் அவருக்குத் தெரியாது. ஆனால் ஜோடி சேர்த்தால் மீதி நிற்கிறதா, இல்லையா என்ற அர்த்தம் அவர் கையிலேயே இருக்கிறது. நம்மிடம் சொல் இருக்கிறது. அர்த்தம்?

பூஜ்ஜியம் எந்தப் பக்கம்?

அப்பாவின் கணக்கை வைத்தே பூஜ்ஜியத்துக்கு வருவோம். லாரியில் காயே வரவில்லை. ஜோடி சேர்த்தாயிற்று, பூஜ்ஜியம் ஜோடி. ஒத்தைக்காய் நிற்கிறதா? இல்லை. மீதி இல்லை என்றால் அது இரட்டைப்படை. கணக்கு முடிந்தது!

"ஒண்ணுமே இல்லாததை எப்படி ரெண்டாப் பிரிக்கிறது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுமில்லாததை இரண்டு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒன்றுமில்லை. சண்டையே வராத பங்கு! இங்கே வேறொரு பாடமும் குறுக்கே வந்து குழப்புகிறது. "பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது" என்று படித்திருக்கிறோம். அது சரி. ஆனால் இங்கே நாம் பூஜ்ஜியத்தால் வகுக்கவில்லை, பூஜ்ஜியத்தை 2-ஆல் வகுக்கிறோம். "ஆல்" வேறு, "ஐ" வேறு. தமிழ் இலக்கணத்தில் படித்த வேற்றுமை உருபு கணக்கிலும் உதவுகிறது பாருங்கள்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? பூஜ்ஜியம் ஒற்றைப்படை என்றே வைத்துக்கொள்வோம். ஒற்றையும் இரட்டையும் சேர்ந்தால் ஒற்றை வரும் என்பது விதி. அப்படியானால் 0 + 6 ஒற்றைப்படையாக வர வேண்டும். வருவதோ 6! "ரெண்டும் இல்லை" என்று தனியாக நிறுத்தினாலும் சிக்கல்தான். எண் வரிசையில் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருகின்றன. மைனஸ் 1 ஒற்றை, 1 ஒற்றை. நடுவில் இருப்பவர் யார்?

மாடிப்படி விளக்கைக் கேளுங்கள், அதுவும் சொல்லும். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், டூ-வே இணைப்பு. விளக்கு அணைந்திருக்கிறது. இரண்டு சுவிட்சிலும் சேர்த்து ஒற்றைப்படைத் தடவை தட்டினால் எரியும். இரட்டைப்படைத் தடவை தட்டினால் பழையபடி அணைந்திருக்கும். பூஜ்ஜியம் தடவை தட்டினால், அதாவது தொடாமலே இருந்தால்? அணைந்தேதான் இருக்கும். பூஜ்ஜியம் இரட்டைப்படையோடு சேர்ந்து நிற்பதை மின்சாரமே காட்டிவிடுகிறது.

இது வெறும் வாதம் இல்லை, தெருவுக்கும் வந்த விஷயம். 2016 ஜனவரி 1 முதல் 15 வரை டெல்லியில் காற்று மாசைக் குறைக்க ஒரு திட்டம் போட்டார்கள். ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை எண் கார்கள், இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படை எண் கார்கள். அதே ஆண்டு ஏப்ரலிலும், 2019 நவம்பரிலும் மறுபடி வந்தது. பதிவு எண்ணின் கடைசி இலக்கம் 0 என்றால்? 0, 2, 4, 6, 8 எல்லாம் இரட்டைப்படை என்று பூஜ்ஜியத்தையும் சேர்த்தே விதி செய்தார்கள். அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால், 0-வில் முடியும் கார்க்காரரும் போக்குவரத்துப் போலீஸ்காரரும் நடுரோட்டில் நின்று கணக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள்!

இதிலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. இத்திட்டத்தை ஒரு வருஷம் முழுவதும் நடத்தினால் இரண்டு பக்கத்துக்கும் சமமான நாள் கிடைக்குமா? "மாறி மாறித்தானே வருது, சமம்தான்" என்று தோன்றும். கிடைக்காது. 31-ம் தேதியும் ஒற்றை, மறுநாள் 1-ம் தேதியும் ஒற்றை. 31 நாள் மாதங்கள் ஏழு இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒற்றைத் தேதி 16, இரட்டைத் தேதி 15. மொத்தத்தில் சாதாரண வருஷத்தில் ஒற்றைத் தேதிகள் 186, இரட்டைத் தேதிகள் 179. ஒற்றைப்படைக் கார்க்காரருக்கு ஏழு நாள் லாபம்! லீப் வருஷத்தில் பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து எட்டு நாள்.

தடுக்கி விழும் சின்னப் படிகள்

பூஜ்ஜியத்தைத் தவிர அடிக்கடி காதில் விழும் குழப்பங்கள் சில:

ஒன்று. "6-ஐப் பாதியாக்கினா 3 வருது, 3 ஒத்தைப்படை. அப்போ 6 எப்படி ரெட்டைப்படை?" பாதி எந்தப் பக்கம் விழுகிறது என்பது கேள்வியே இல்லை. முழுதாகப் பாதியாகிறதா என்பதுதான் கேள்வி. 6 ஆகிறது. போதும்.

இரண்டு. "ஒற்றைப்படையும் பகா எண்ணும் ஒண்ணுதானே?" இல்லை. 9, 15, 21 எல்லாம் ஒற்றைப்படை, ஆனால் பகா எண் இல்லை. மறுபக்கம் 2 பகா எண், ஆனால் இரட்டைப்படை. இரட்டைப்படையில் பகா எண் அது ஒன்று மட்டுமே.

மூன்று. "13-ல் 1-ஐயும் 3-ஐயும் கூட்டினா 4, அதனால இரட்டை." இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது 3-க்கும் 9-க்கும் உரிய வழி. அதை 2-க்குக் கொண்டுவந்து மாட்டக் கூடாது.

நான்கு. "3.6-ன் கடைசி இலக்கம் 6, அதனால இரட்டை." முழு எண் இல்லாததற்கு ஒற்றையும் கிடையாது, இரட்டையும் கிடையாது. இரண்டரைக்கும் அதே கதிதான்.

ஐந்து. மைனஸ் எண்கள். மைனஸ் 4 இரட்டை, மைனஸ் 7 ஒற்றை. இதில் ஏமாறுவது நாம் மட்டும் இல்லை, நாம் எழுதும் புரோகிராமும் ஏமாறும். சி மொழியில் மைனஸ் 7-ஐ 2-ஆல் வகுத்து மீதி கேட்டால் அது மைனஸ் 1 என்று தரும். "மீதி 1 என்றால் ஒற்றை" என்று நிபந்தனை எழுதியிருந்தால், மைனஸ் 7 ஒற்றை இல்லை என்று கம்ப்யூட்டர் அடித்துச் சொல்லும்! "மீதி 0 இல்லை என்றால் ஒற்றை" என்று எழுதினால் தப்பாது.

ஆறு. "கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும்" என்ற விதியே எல்லா இடத்திலும் செல்லாது. அது ஏன் வேலை செய்கிறது? பத்து, நூறு, ஆயிரம் எல்லாம் இரண்டால் வகுபடுவதால் கடைசி இலக்கம் மட்டுமே தீர்ப்புச் சொல்கிறது. பைனரி, ஆக்டல், ஹெக்ஸாடெசிமல் ஆகியவற்றின் அடிமானம் 2, 8, 16 என்பதால் அங்கேயும் செல்லும். அடிமானம் 3 என்றால் செல்லாது. அங்கே 11 என்று எழுதினால் அதன் மதிப்பு 4. கடைசி இலக்கம் 1, எண்ணோ இரட்டைப்படை! சட்டை மாறியது, ஆள் மாறவில்லை.

சொல்லே குழப்பினால்?

நம்மில் பலர் தமிழ் வழியில் பத்தாவது முடித்துவிட்டு வந்தவர்கள். இங்கே வந்த முதல் மாதம் ஆங்கிலப் புத்தகத்தில் "ஈவன்" என்று பார்த்து டிக்ஷனரியைப் புரட்டினால், "கூட", "சமமான" என்று போட்டிருக்கும். "ஆட்" என்றால் "விநோதமான" என்று இருக்கும். ஐந்தாம் வகுப்பில் படித்த இரட்டைப்படைதான் இந்த "ஈவன்" என்று ஒருவர் எடுத்துச் சொல்லாதவரை, தெரிந்த விஷயமே தெரியாத விஷயமாகி நிற்கும்.

தமிழ்ச் சொல்லும் தன் பங்குக்கு மனசில் ஏதோ ஒன்றை ஏற்றிவைக்கிறது. "ஒத்தையில போகாதே" என்று அம்மா சொல்லும்போது ஒத்தை என்றால் தனிமை. ஆனால் மொய் எழுதும்போது 101, 501 என்று தேடிப்பிடித்து ஒத்தைப்படையாக வைப்போம். ஓரிடத்தில் பயம், ஓரிடத்தில் மங்களம். வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. எண்ணுக்கு அந்த உணர்ச்சி எதுவும் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைப்போம். 3 என்பது தனியாக இல்லை, அதில் ஒன்றுக்கு ஜோடி இல்லை, அவ்வளவுதான்.

எதை எண்ணுகிறோம்?

இனி நம் பாடங்களுக்கு வருவோம். இங்கேதான் ஒண்ணாங் கிளாஸ் கேள்வி மார்க்கைத் தின்கிறது.

பாரிட்டி பிட் தெரியும் அல்லவா? தகவலை அனுப்பும்போது அதில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணி, மொத்தம் இரட்டைப்படையாகும்படி (அல்லது ஒற்றைப்படையாகும்படி) கூடுதலாக ஒரு பிட்டைச் சேர்ப்பது. வழியில் ஒரு பிட் புரண்டால் எண்ணிக்கை மாறிவிடும், தவறு பிடிபடும். இரண்டு பிட் புரண்டால் எண்ணிக்கை மறுபடி பழைய பக்கத்துக்கே வந்துவிடும், பிடிபடாது. மாடிப்படி விளக்கை இரண்டு தடவை தட்டிய கதைதான்.

ஆஸ்கி முறையில் பெரிய எழுத்து "ஏ"-க்கு எண் 65. ஒற்றைப்படை எண். ஏழு பிட்டில் எழுதினால் 1000001. இதில் 1-களின் எண்ணிக்கை இரண்டு, இரட்டைப்படை. ஆகவே ஈவன் பாரிட்டிக்குச் சேர்க்க வேண்டிய பிட் 0. "65 ஒற்றைதானே, 1 சேர்க்கணும்" என்று எழுதினால் தவறு. எண்ணின் படை வேறு, எண்ணுக்குள் இருக்கும் 1-களின் படை வேறு. முதலில் கேட்க வேண்டியது "எதை எண்ணுகிறோம்?" என்பது.

ஏழு பிட்டும் 0 என்றால்? 1-களின் எண்ணிக்கை பூஜ்ஜியம். "பூஜ்ஜியம் ரெண்டும் இல்லை" என்று சொன்ன நண்பர் இங்கே எந்தப் பிட்டைச் சேர்ப்பார்? பேனா நின்றுவிடும். பூஜ்ஜியம் இரட்டைப்படை என்று தெரிந்தவர் ஈவன் பாரிட்டிக்கு 0, ஆட் பாரிட்டிக்கு 1 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

அடுத்து ஒரு பெரிய பள்ளம். 1976-ல் வந்த 8085, 1980-ல் வந்த 8051 இரண்டுமே இன்டெல் கம்பெனியின் சில்லுகள். இரண்டிலும் பாரிட்டி ஃபிளாக் உண்டு. 8085-ல் விடையில் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் அந்த ஃபிளாக் 1 ஆகும். 8051-ல் அக்குமுலேட்டரில் உள்ள 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால்தான் 1 ஆகும். நேர் எதிர்! அக்குமுலேட்டரை 8085-ல் அதனோடே எக்ஸ்-ஆர் செய்து பூஜ்ஜியமாக்கினால் பாரிட்டி ஃபிளாக் 1. 8051-ல் துடைத்துப் பூஜ்ஜியமாக்கினால் பாரிட்டி ஃபிளாக் 0. பூஜ்ஜியம் இரண்டு இடத்திலும் இரட்டைப்படைதான். அதைத் தெரிவிக்கும் விதம்தான் வேறு. லைப்ரரியில் உள்ள பழைய புத்தகத்தில் 8085-ஐப் படித்துவிட்டு லேபில் 8051 முன்னால் உட்காருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கிருந்து எண்ணுகிறோம்?

சிவில் துறை நண்பர்கள் "இது எலக்ட்ரானிக்ஸ்காரங்க சமாச்சாரம்" என்று எழுந்து போக வேண்டாம். உங்களுக்குத்தான் மிகப் பெரிய பள்ளம் இருக்கிறது. அதன் பெயர் சிம்சன் விதி.

சர்வே பாடத்தில் ஆர்டினேட்களை ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். முதலும் கடைசியும் அப்படியே, நடுவில் இரட்டைப்படை ஆர்டினேட்களுக்கு 4, மீதி ஒற்றைப்படைக்கு 2. கணக்குப் பாடத்தில் அதே விதி வரும்போது பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவார்கள். அங்கே ஒற்றைப்படைக்கு 4, இரட்டைப்படைக்கு 2! இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் "எது பிரிண்டிங் மிஸ்டேக்?" என்று தோன்றும். எதுவும் மிஸ்டேக் இல்லை. ஆர்டினேட் அதேதான், எண்ணத் தொடங்கிய இடம்தான் வேறு. ஒன்றில் "இரண்டாவது" என்று நிற்பதற்கு மற்றொன்றில் "ஒன்று" என்று பெயர்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 10 மீட்டர் இடைவெளியில் ஐந்து ஆர்டினேட்கள் 2, 5, 6, 5, 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சரியாகப் போட்டால் முதலும் கடைசியும் 4, நடுவில் 4 பெருக்கல் 10 என்பது 40, 2 பெருக்கல் 6 என்பது 12. மொத்தம் 56. இதை 10-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 186.67 சதுர மீட்டர். 4-ஐயும் 2-ஐயும் மாற்றிப் போட்டால் 4 + 24 + 20 = 48, பரப்பு 160 சதுர மீட்டர். வித்தியாசம் 26.67 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சுமார் 287 சதுர அடி, அரை சென்ட்டுக்கும் மேல்! ஒரு முழ வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போகிற ஊர் நம்முடையது. நாளைக்கு நீங்கள் அளக்கப்போவது யாரோ ஒருவரின் ஒரே சொத்து.

அதே விதியில் இன்னொரு இரட்டைக் குழப்பமும் உண்டு. "இரட்டைப்படை வேணுமா, ஒற்றைப்படை வேணுமா?" பகுதிகள் இரட்டைப்படை, ஆர்டினேட்கள் ஒற்றைப்படை. ஆறு அறைக்கு ஏழு சுவர் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. ஆர்டினேட் இரட்டைப்படையாக வந்துவிட்டால் கடைசிப் பகுதியை மட்டும் டிரப்பீஸாய்டல் விதியில் தனியாகப் போட்டுச் சேர்க்க வேண்டும்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் உண்டு. வெளிப்பல் கியர்களை வரிசையாகக் கோத்தால், நடுவில் உள்ள ஐட்லர்கள் ஒற்றைப்படை என்றால் கடைசி கியர் முதல் கியர் சுற்றும் திசையிலேயே சுற்றும். ஐட்லர்கள் இரட்டைப்படை என்றால் எதிர்த்திசை. ஒருவர் ஐட்லரை எண்ணுவார், ஒருவர் மொத்தக் கியரையும் எண்ணுவார். இங்கே மட்டும் சண்டை வராது. ஐட்லரோடு முதலும் கடைசியும் சேர்ந்தால் இரண்டு கூடும், இரண்டு கூடினால் படை மாறாது. ஐட்லரே இல்லாவிட்டால்? பூஜ்ஜியம், இரட்டைப்படை, எதிர்த்திசை. இரண்டு கியர் நேரடியாகக் கோத்தால் எதிர்த்திசையில்தானே சுற்றுகின்றன! அங்கேயும் பூஜ்ஜியம் சரியாகத்தான் சாட்சி சொல்கிறது.

பெயர் ஒன்று, ஆள் வேறு

கணக்குப் பாடத்தில் ஒற்றைச் சார்பு, இரட்டைச் சார்பு என்று வரும். சைன் ஒற்றை, காஸ் இரட்டை. இங்கே எண்ணுக்குப் படித்த விதியைக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வோம். ஒற்றை எண்ணை ஒற்றை எண்ணால் பெருக்கினால் ஒற்றை. ஒற்றைச் சார்பை ஒற்றைச் சார்பால் பெருக்கினால் இரட்டை! காரணம் எளிது. எக்ஸின் மூன்றாம் அடுக்கை ஐந்தாம் அடுக்கால் பெருக்கினால் எட்டாம் அடுக்கு வருகிறது. பெருக்குவது சார்பை, கூடுவது அடுக்கு. ஒற்றையும் ஒற்றையும் கூடினால் இரட்டைதானே?

இன்னொன்று. முழு எண் என்றால் ஒற்றை அல்லது இரட்டை, இரண்டில் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். சார்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எக்ஸையும் எக்ஸின் வர்க்கத்தையும் கூட்டினால் வரும் சார்பு இரண்டும் இல்லை. "இரட்டை இல்லை, அதனால் ஒற்றை" என்று இங்கே முடிவு கட்டக் கூடாது.

கடைசியாக, உண்மையான குழப்பம்

தோழர்களே! மேலே சொன்ன எல்லாக் குழப்பத்துக்கும் மருந்து மூன்று கேள்விகள்தான். இந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன? எதை எண்ணுகிறோம்? எங்கிருந்து எண்ணுகிறோம்? இவற்றைக் கேட்க மூளை நிறைய வேண்டாம். வாய் திறந்தால் போதும். அங்கேதான் நாம் தோற்கிறோம்.

"இது கூடத் தெரியாதா?" என்ற மூன்று வார்த்தைக்குள் எத்தனை பேருடைய படிப்பு சிக்கிக் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ படித்திருந்தால் ராத்திரி சாப்பிடும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். என்னைப் போல வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு வகுப்பறைதான் ஒரே இடம். அந்த இடத்தில் பக்கத்து பெஞ்ச் சிரிக்கும் என்று வாயை மூடிக்கொண்டால், அந்தக் கேள்வியைக் கேட்க உலகத்தில் வேறு இடமே இல்லை. பிறகு அது அரியராகத்தான் திரும்பி வரும்.

சிரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மற்றவர் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்ததால் நீங்கள் சிரிக்கிறீர்களா, அல்லது காரணத்தை உங்களிடம் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் சிரிக்கிறீர்களா? "அப்படித்தான்" என்று சொன்ன அந்த நான்காமவரை நினைத்துப் பாருங்கள்.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு விழா நடத்துகிறோம், கலை விழா நடத்துகிறோம், மலர் போடுகிறோம். அறிவிப்புப் பலகையின் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வையுங்கள். "கூச்சக் கேள்வி" என்று எழுதி ஒட்டுங்கள். பெயர் போடாமல் யார் வேண்டுமானாலும் கேள்வியை எழுதிப் போடட்டும். வாரம் ஒரு நாள் சாயங்காலம் அரைமணி நேரம், விஷயம் தெரிந்த மூத்த மாணவர்கள் பெட்டியைத் திறந்து கரும்பலகையில் விளக்கட்டும். தெரியாததை ஆசிரியரிடம் கேட்டு அடுத்த வாரம் சொல்லட்டும். செலவு? ஓர் அட்டைப்பெட்டி, கொஞ்சம் சாக்பீஸ். பூட்டுக்கூட வேண்டாம், கேள்வியை யாரும் திருடமாட்டார்கள்!

பெட்டியைத் திறக்கும் முதல் நாள் அதில் ஒரு சீட்டும் இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். விழுந்த கேள்விகள் பூஜ்ஜியம், பூஜ்ஜியம் இரட்டைப்படை. அடுத்த வாரம் ஒருவர் துணிந்து ஒரு சீட்டைப் போட்டால் ஒற்றைப்படை. அவருக்குத் துணையாக நீங்கள் இரண்டாவது சீட்டைப் போடுங்கள்.